கப்கேக் காகிதத்தில் முற்றுத் திசைவேகம் அளப்பது எப்படி: டர்பன் கூடத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

"காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும்." தென்னாப்பிரிக்காவில் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கின் இயற்பியல் வினாத்தாளில் செங்குத்தாக விழும் பந்தைப் பற்றிய கணக்குகளில் இந்த வரி வந்துவிடும். டர்பனில் எங்கள் கோவில் கூடத்தில் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதைப் படித்துப் படித்து, காற்று என்ற ஒன்றே இல்லை என்று நம்பும் நிலைக்குப் போய்விட்டார்கள். அதனால் புறக்கணிக்காமல் அளந்தே பார்க்கலாம் என்று தொடங்கினோம். சில வருடங்களாக ஒவ்வொரு புதுக் குழுவும் கிட்டத்தட்ட அதே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்துவிட்டேன். இந்த வழிகாட்டி அந்த இடங்களை மனதில் வைத்து எழுதியது.

செய்யப் போவது இவ்வளவுதான்: காகிதக் கிண்ணங்களை விழவிட்டு, வேகம் மாறாமல் நிலைத்த பிறகு அந்த வேகத்தை, அதாவது முற்றுத் திசைவேகத்தை, அளக்கிறோம். கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி எடையைக் கூட்டி, மறுபடி அளக்கிறோம். அதிலிருந்து இழுவைக் குணகம் கிடைக்கும்: ஒரு வடிவத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண் அது. ஒரு மதியப் பொழுது போதும்.

1. விழவிடும் பொருளைத் தேர்ந்தெடுங்கள்

முதல் நாள் எல்லாரும் கொண்டுவருவது கிரிக்கெட் பந்து. வேண்டாம். அதன் முற்றுத் திசைவேகம் விநாடிக்கு ஏறத்தாழ 36 மீட்டர். அந்த வேகத்தில் 99 சதவீதத்தை எட்டவே சுமார் 260 மீட்டர் விழ வேண்டும். எங்கள் ஊர் மோசஸ் மபிடா விளையாட்டு மைதானத்தின் வளைவு 106 மீட்டர் உயரம். அதன் உச்சியிலிருந்து போட்டாலும் தரைக்கு வரும்போது பந்து தன் முற்றுத் திசைவேகத்தில் பத்தில் ஒன்பது பங்கைத்தான் தொட்டிருக்கும்.

இறகும் வேண்டாம், அது சுழலும். தட்டைக் காகிதம் படபடத்து எங்கோ போய் விழும். பலூன் பக்கவாட்டில் மிதந்துகொண்டே போகும்.

தீபாவளிக்கு பர்ஃபியும் மகஜும் அடுக்கித் தரும் மடிப்பு மடிப்பான காகிதக் கிண்ணங்கள் இருக்கின்றனவே, கப்கேக் சுடவும் அவற்றைத்தான் வைப்போம். அவைதான் சரி. அடிப்பாகம் கீழே, வாய் மேலே என்று விட்டால் சாயாமல் நேராக இறங்கும். இலேசானவை என்பதால் அரை மீட்டருக்குள் வேகம் நிலைத்துவிடும். ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகச் செருகலாம் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வசதி: எடை இரட்டிப்பாகும், வடிவமும் பரப்பும் அப்படியே இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது எதனால் நடந்தது என்று சொல்ல முடியும்.

பலகாரம் வைத்து எடுத்த கிண்ணங்களைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்த ஒரு வீடும் உண்டு. நெய் ஊறிய காகிதத்தின் எடை கிண்ணத்துக்குக் கிண்ணம் வேறுபடும். புதுக் கட்டு ஒன்றையே பிரித்துக்கொள்ளுங்கள்.

2. மற்ற பொருட்களைச் சேகரியுங்கள்

100 காகிதக் கிண்ணங்கள், எல்லாம் ஒரே கட்டிலிருந்து. சமையலறைத் தராசு. அளவு நாடா. மூன்று மீட்டர் தையல் நூலும் அதன் நுனியில் கட்ட ஒரு சாவிக்கொத்தும். மாஸ்கிங் டேப். ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 பிரேம் எடுக்கும் போன், 120 என்றாலும் பரவாயில்லை. போனை அசையாமல் நிறுத்த ஒரு ஸ்டாண்ட், அல்லது நாற்காலியும் நான்கு புத்தகங்களும். ஏறி நிற்க ஆடாத மேசை ஒன்று.

ஸ்டாப்வாட்ச் இந்தப் பட்டியலில் இல்லை. கண்ணால் பார்த்து விரல் அழுத்துவதற்குள் 0.2 விநாடி போய்விடும். நாம் அளக்கப் போகும் நேரமே அரை விநாடி, முக்கால் விநாடிதான்.

மின்விசிறிகளை நிறுத்துங்கள், கதவு ஜன்னல்களைச் சாத்துங்கள். டர்பனில் டிசம்பர் மாதம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும். ஒருமுறை மின்வெட்டு வந்து விசிறிகள் தாமாகவே நின்றன. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். விளக்குகளும் நின்றதை மறந்துவிட்டேன். மங்கலான வெளிச்சத்தில் ஸ்லோ மோஷன் படம் கஞ்சியாகத்தான் வரும். சில போன்கள் வெளிச்சம் குறைந்தால் சொல்லாமல் கொள்ளாமல் பிரேம் எண்ணிக்கையையும் குறைத்துவிடும்.

3. கிண்ணத்தை எடைபோட்டு அளவெடுங்கள்

ஒரு கிண்ணத்தைத் தராசில் வைத்தால் பூஜ்யம் காட்டும். 100 கிண்ணங்களையும் ஒன்றாக வைத்து, கிடைத்த எண்ணை நூறால் வகுங்கள். எங்களுடைய கட்டு 36 கிராம், ஆகவே ஒரு கிண்ணம் 0.36 கிராம். தராசு ஒரு கிராம் வரைதான் காட்டினாலும், நூறைச் சேர்த்து நிறுத்ததால் பிழை ஒன்றரை சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது.

எடை போடுவதையும் விழவிடுவதையும் ஒரே நாளில் செய்யுங்கள். காகிதம் ஈரம் குடிக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஒரு வாரம் பிரித்துவைத்த கட்டு, கடையில் வாங்கிய அன்று இருந்த எடையில் இருக்காது.

விட்டத்தை அளக்கும்போது கவனம். கட்டிலிருந்து எடுத்ததும் வாய் சற்றுக் குறுகியிருக்கும், பத்துத் தடவை கையாண்ட பிறகு விரிந்துவிடும். விழும்போது இருக்கும் அகலம்தான் நமக்கு வேண்டும். அதனால் எல்லாக் கிண்ணங்களையும் முதலிலேயே ஒருமுறை இலேசாக விரித்துவிட்டு வாயின் வெளிவிட்டத்தை அளங்கள். எங்களுடையது 7 செ.மீ. ஆரம் 3.5 செ.மீ., அதாவது 0.035 மீட்டர். பரப்பு 3.14 × 0.035 × 0.035 = 0.00385 சதுர மீட்டர்.

ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போடுவார். பரப்பு நான்கு மடங்காகிவிடும், கடைசியில் குணகம் நான்கில் ஒன்றாகச் சுருங்கும். உங்கள் விடை 0.2 பக்கத்தில் வந்தால் முதலில் இங்கே திரும்பி வாருங்கள்.

4. எங்கிருந்து அளப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தச் சோதனையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. அவசரமாகத் தாண்டுபவர்களும் இங்கேதான் அதிகம்.

விட்ட கணத்தில் கிண்ணத்தின் வேகம் பூஜ்யம், அதனால் காற்றுத் தடையும் பூஜ்யம். வேகம் கூடக் கூடத் தடை கூடும். தடை எடைக்குச் சமமாகும் வரை கிண்ணம் முடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். சமமான பிறகுதான் வேகம் மாறாது. அந்த வேகத்துக்குத்தான் முற்றுத் திசைவேகம் என்று பெயர். ஆகவே தொடக்கத்தில் ஒரு தூரம் நமக்குப் பயன்படாது. அதை ஓட்டத் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு என்று தெரியாமல், அளக்கத் தொடங்கும் கோட்டைப் போட்டால் முழு வேலையும் வீண்.

முதல் வருடம் நானே இதில் விழுந்தேன். மேசைமேல் நின்று 2.8 மீட்டரிலிருந்து விட்டோம். கை பிரிந்த கணம் முதல் தரை தொடும் வரை நேரம் எடுத்து, தூரத்தை நேரத்தால் வகுத்தோம். ஒரு கிண்ணத்துக்கு விநாடிக்கு 1.32 மீட்டர், நான்குக்கு 2.32 மீட்டர். எடை நான்கு மடங்கானால் வேகத்தின் வர்க்கமும் நான்கு மடங்காக வேண்டும். எங்களுக்கு வந்தது மூன்று மடங்கு. கிண்ணங்களைக் குறை சொன்னேன், ஜன்னல் இடுக்கைக் குறை சொன்னேன். "அங்கிள், ஒருவேளை விதிதான் தப்போ?" என்று ஒரு பெண் கேட்டாள். விதி சரிதான். தொடக்கத்தில் மெதுவாகப் போன நேரத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தோம். கனமான அடுக்குக்கு வேகம் பிடிக்க அதிக நேரம் வேண்டும், அதனால் அதற்குப் பிழையும் அதிகம்: ஒரு கிண்ணத்துக்கு 5 சதவீதம், நான்குக்கு 16 சதவீதம். எல்லாவற்றிலும் ஒரே அளவு பிழை என்றால், 9-ஆம் படியில் போடும் வரைபடத்தில் கோடு நேராகவாவது இருந்திருக்கும். எங்கள் வரைபடம் வளைந்தது இதனால்தான்.

ஓட்டத் தூரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. எதிர்பார்க்கும் முற்றுத் திசைவேகத்தை மீட்டர் விநாடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கத்தை ஐந்தால் வகுங்கள். விநாடிக்குச் சில மீட்டர் வேகமானாலும் சரி, கிரிக்கெட் பந்தானாலும் சரி, 99 சதவீத வேகத்தை எட்டத் தேவையான தூரம் மீட்டரில் கிடைத்துவிடும். மேலே 260 என்று சொன்னதும் இந்தக் கணக்கில் வந்ததுதான்.

ஒரு கிண்ணத்தின் வேகம் சுமார் 1.4. வர்க்கம் கிட்டத்தட்ட 2. ஐந்தால் வகுத்தால் 0.4 மீட்டர். நான்கு கிண்ணத்துக்கு வர்க்கம் 8, ஓட்டத் தூரம் 1.6 மீட்டர்.

வேகமே தெரியாமல் இதை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்பீர்கள். ஒரு கிண்ணத்தைத் தோராயமாக அளந்து பாருங்கள். தப்பும் தவறுமான அளவானாலும் பரவாயில்லை, ஓட்டத் தூரத்தை முடிவு செய்ய அது போதும். இரண்டு கிண்ணத்துக்கு வர்க்கத்தை இரட்டிப்பாக்குங்கள், நான்குக்கு நான்கால் பெருக்குங்கள்.

மேசைமேல் நின்று கையை உயர்த்தினால் 2.8 மீட்டர் கிடைக்கும். அதில் 1.6 மீட்டரை ஓட்டத்துக்கு விட்டால் மேல்கோடு தரையிலிருந்து 1.20 மீட்டரில் வரும். கீழ்க்கோட்டைத் தரையில் வைக்காமல் 0.20 மீட்டரில் வையுங்கள். தரையை நெருங்கும்போது கிண்ணத்துக்கும் தரைக்கும் நடுவே அகப்பட்ட காற்று பக்கவாட்டில் பிதுங்கி வெளியேற வேண்டும், அதில் வேகம் கொஞ்சம் தளரும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக ஒரு மீட்டர். ஒரு கிண்ணமானாலும் நான்கானாலும் இதே கோடுகள்தான், இடையில் மாற்றாதீர்கள்.

ஐந்தாவது கிண்ணத்துக்கு இந்த உயரம் பற்றாது. வீட்டில் மாடிப்படி இடுக்கு இருந்தால் ஆறு, எட்டு வரை போகலாம்.

5. அளவுகோலைச் சுவரில் ஒட்டாதீர்கள்

எல்லாரும் சுவரில்தான் டேப் ஒட்டுவார்கள். கிண்ணமோ சுவரிலிருந்து 30 செ.மீ. முன்னால் விழும், ஒட்டி விழுந்தால் சுவரில் உரசும். போன் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் கிண்ணம் போனிலிருந்து 2.7 மீட்டரில். கிண்ணம் உண்மையில் 90 செ.மீ. இறங்கினால் சுவரில் ஒரு மீட்டர் இறங்கியது போலத் தெரியும். வேகம் 11 சதவீதம் கூடுதலாக வரும். பார்த்தால் ஒன்றும் தப்பாகத் தெரியாது என்பதுதான் இதிலுள்ள வம்பு. வரைபடமும் அழகான நேர்கோடாகவே வரும், சரிவு மட்டும் பொய்.

அதனால்தான் நூல். திரைச்சீலைக் கம்பியிலோ உத்தரத்திலோ கட்டித் தொங்கவிடுங்கள், கீழே சாவிக்கொத்து. தரையிலிருந்து அளந்து 1.20 மீட்டரிலும் 0.20 மீட்டரிலும் டேப்பைச் சின்னக் கொடிபோல் மடித்து ஒட்டுங்கள். நூலுக்குப் பக்கவாட்டில் 20 செ.மீ. தள்ளிக் கிண்ணத்தை விடுங்கள். நூலும் கிண்ணமும் போனிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும்.

போனின் உயரம் இரண்டு கொடிகளுக்கும் நடுவில், தரையிலிருந்து 70 செ.மீ. பின்னால் கறுப்புத் துணி ஏதாவது தொங்கவிட்டால் வெள்ளைக் கிண்ணம் பளிச்சென்று தெரியும். எங்கள் கூடத்தில் பழைய மேடைத் திரை அந்த வேலையைச் செய்கிறது.

6. போனைச் சோதித்துப் பாருங்கள்

240 என்று போன் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஐந்து ரேண்ட் நாணயத்தைத் தரைக்கு விட்டுப் படமெடுங்கள். இவ்வளவு சின்ன உயரத்தில் நாணயத்துக்குக் காற்றுத் தடை ஒரு பொருட்டே இல்லை. விழ 0.45 விநாடி ஆக வேண்டும். 240 பிரேமில் அது 108. நீங்கள் எண்ணியது 106 முதல் 110 வரை என்றால் போன் சரி. 54 பக்கம் வந்தால் உங்கள் போன் 120-இல் எடுக்கிறது, இனி 120 என்றே கணக்கிடுங்கள்.

புதியவர்கள் இங்கே பண்ணும் குழப்பம் ஒன்று உண்டு. ஸ்லோ மோஷன் படத்தை ஓட்டும்போது கீழே காட்டும் விநாடியைக் குறித்துக்கொள்வார்கள். அது நீட்டப்பட்ட நேரம். படத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, பிரேமைத்தான் எண்ண வேண்டும். கணினியில் இலவச வீடியோ மென்பொருள்கள் பலவற்றில் ஒரு பொத்தானுக்கு ஒரு பிரேம் என்று நகர்த்தலாம்.

7. விழவிடுங்கள்

கிண்ணத்தின் விளிம்பை எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கை விரல்களாலும் மேலிருந்து பிடியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் விரலைத் திறங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்து விட்டால் அந்தப் பக்கம் தாமதமாகப் பிரியும், கிண்ணம் சாய்ந்து வழுக்கிக்கொண்டு போகும். கீழே உள்ளங்கையில் தாங்கிக் கையை வெடுக்கென்று இழுப்பவர்களும் உண்டு. கை இழுத்த காற்று கிண்ணத்தையும் கூடவே இழுக்கும்.

கிண்ணங்களைச் செருகும்போது நன்றாக அழுத்துங்கள். நடுவில் இடைவெளி இருந்தால் மேல் கிண்ணம் வழியிலேயே பிரிந்து, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இறங்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், அந்த வீடியோ பயன்படாது.

மேசைமேல் ஏறுவது பெரியவராக இருக்கட்டும், இன்னொருவர் மேசையைப் பிடித்துக்கொள்ளட்டும். கூடத்தில் நடப்பவர்கள் நிற்கட்டும். ஒருவர் கடந்து போனால் கிளம்பும் காற்றே கிண்ணத்தை ஒரு சாண் தள்ளிவிடும்.

ஒவ்வொரு அடுக்குக்கும் ஐந்து தடவை. எதைத் தள்ளுபடி செய்வது என்பதை விழவிடுவதற்கு முன்பே எழுதிவையுங்கள். எங்கள் விதி இரண்டே: நூலைத் தொட்டால் தள்ளுபடி, மேல்கொடிக்கு முன்பே கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்தால் தள்ளுபடி. வேறு எந்தக் காரணமும் செல்லாது. "இந்த நம்பர் சரியில்லை அங்கிள், அழித்துவிடட்டுமா?" என்று கேட்காத குழுவே இல்லை. எண் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது.

8. பிரேம்களை எண்ணிக் கணக்கிடுங்கள்

கிண்ணத்தின் அடிப்பாகம் மேல்கொடியைத் தொடும் பிரேமிலிருந்து கீழ்க்கொடியைத் தொடும் பிரேம் வரை எண்ணுங்கள். அடிப்பாகம் என்றால் இரண்டு இடத்திலும் அடிப்பாகமே. மேலே விளிம்பு, கீழே அடி என்று கலந்தால் கிண்ணத்தின் உயரம் முழுவதும் பிழையாகச் சேரும்.

எங்கள் நோட்டிலிருந்து ஒரு நாளின் சராசரி:

1 கிண்ணம்: 175 பிரேம், விநாடிக்கு 1.37 மீட்டர், வர்க்கம் 1.88
2 கிண்ணம்: 122 பிரேம், 1.97 மீட்டர், வர்க்கம் 3.87
3 கிண்ணம்: 101 பிரேம், 2.38 மீட்டர், வர்க்கம் 5.65
4 கிண்ணம்: 86 பிரேம், 2.79 மீட்டர், வர்க்கம் 7.79

காற்றே இல்லாவிட்டால் 2.8 மீட்டரிலிருந்து விழும் எதுவும், ஒரு கிண்ணமோ நான்கோ, தரைக்கு வரும்போது விநாடிக்கு 7.4 மீட்டரில் வந்திருக்கும். மேலேயுள்ள எண்களை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

9. வரைபடம் போட்டு குணகத்தை எடுங்கள்

கிடை அச்சில் கிண்ணங்களின் எண்ணிக்கை, செங்குத்து அச்சில் வேகத்தின் வர்க்கம். வேகத்தையே வரைந்தால் வளைகோடுதான் வரும், அதிலிருந்து எதையும் படிக்க முடியாது. வர்க்கத்தை வரைவதற்குக் காரணம் இந்தச் சமன்பாடு:

இழுவிசை = ½ × காற்றின் அடர்த்தி × இழுவைக் குணகம் × பரப்பு × வேகத்தின் வர்க்கம்

முற்றுத் திசைவேகத்தில் இழுவிசையும் எடையும் சமம். எடை கூடினால் வர்க்கமும் அதே விகிதத்தில் கூட வேண்டும். பூஜ்யம் கிண்ணத்துக்குப் பூஜ்யம் வேகம், ஆகவே கோடு மூலப்புள்ளி வழியாகப் போக வேண்டும். எங்கள் கோட்டின் சரிவு ஒரு கிண்ணத்துக்கு 1.92.

கோடு கீழ்நோக்கி வளைந்தால் ஓட்டத் தூரம் போதவில்லை, 4-ஆம் படிக்குப் போங்கள். நேராக இருந்தும் மூலப்புள்ளியைத் தவறவிட்டால் பெரும்பாலும் பிரேம் எண்ணுவதில் ஒரே மாதிரி பிசகு நடக்கிறது. கோடு ஒழுங்காக இருந்தும் குணகம் விபரீதமாக வந்தால் அளவுகோலையோ அலகையோ சந்தேகப்படுங்கள்.

டர்பனில் காற்றின் அடர்த்தி 25 டிகிரி வெப்பத்தில் கனமீட்டருக்குச் சுமார் 1.18 கிலோ. கிராமைக் கிலோவாக மாற்றுங்கள்: 0.36 கிராம் என்றால் 0.00036 கிலோ. 9.8-ஆல் பெருக்கினால் எடை 0.00353 நியூட்டன்.

குணகம் = 2 × 0.00353 ÷ (1.18 × 0.00385 × 1.92) = 0.81

0.7 முதல் 0.9 வரை எது வந்தாலும் இந்த மாதிரிக் கிண்ணத்துக்கு நம்பலாம். விரிவு கொஞ்சம் மாறினாலும் எண் மாறும். அதனால் பக்கத்து மேசைக்காரரோடு இரண்டாம் தசம இலக்கத்துக்குச் சண்டை வேண்டாம்.

வர்க்க விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடுபனித் துளி, மாவுத் தூசி போன்ற நுண்ணிய பொருட்களுக்கும், எண்ணெய்க்குள் மெதுவாக இறங்கும் சிறு குண்டுக்கும் தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும், வர்க்கத்துக்கு அல்ல. நம் கிண்ணம் அந்த எல்லையிலிருந்து வெகுதூரம்.

10. எக்செலில் விழவிட்டுப் பாருங்கள்

அளந்தது சரியா என்று பார்க்க நல்ல வழி இது. நான்கு நெடுவரிசைகள்: நேரம், வேகம், முடுக்கம், விழுந்த தூரம். முடுக்கம் = 9.8 − (9.8 ÷ 1.92) × வேகத்தின் வர்க்கம். அடுத்த வரிசையின் வேகம் = இந்த வரிசையின் வேகம் + முடுக்கம் × கால இடைவெளி. தூரமும் அப்படியே: பழைய தூரம் + வேகம் × கால இடைவெளி.

இடைவெளியை 0.01 விநாடி என்று வையுங்கள். 37-ஆம் வரிசை வாக்கில் வேகம் 1.37-ஐத் தொடும், தூரம் 0.4 மீட்டருக்குச் சற்று உள்ளே இருக்கும். 4-ஆம் படியில் சொன்ன கணக்கு இங்கே கண் முன்னால் வரும்.

வரிசை குறையட்டும் என்று ஒரு பையன் இடைவெளியை 0.2 ஆக்கினான். முதல் அடியில் வேகம் 1.96, அடுத்ததில் பூஜ்யம், அடுத்ததில் மறுபடி 1.96, மறுபடி பூஜ்யம். நடுவானில் நின்று நின்று விழுந்தது கிண்ணம். அவன் அரை மணி நேரம் சூத்திரத்தில் தப்புத் தேடினான். சூத்திரத்தில் தப்பில்லை. 0.2 விநாடியில் கிண்ணம் முற்றுத் திசைவேகத்தையும் தாண்டிப் போய்விடுகிறது. அந்த மிகை வேகத்துக்கான பெரிய தடையை எக்செல் அடுத்த 0.2 விநாடி முழுவதற்கும் போட்டுவிடுகிறது. 0.1 வைத்தாலும் 1.47 வரை தாண்டிவிட்டுத் திரும்பி வரும். இடைவெளியைப் பாதியாக்கிப் பாருங்கள்: விடை மாறவில்லை என்றால்தான் அந்த இடைவெளி போதுமானது.

11. ஜோகன்னஸ்பர்க்கில் திரும்பச் செய்யுங்கள்

அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள். என் மைத்துனர் வீட்டுப் பிள்ளைகள் இதே கட்டிலிருந்து எடுத்துப்போன கிண்ணங்களை அங்கே விழவிட்டு, ஒற்றைக் கிண்ணத்துக்கு 1.50 என்று அனுப்பினார்கள். "மாமா, நாங்கள் எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டோம்" என்று போன் வேறு. தப்பே இல்லை. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது.

அடர்த்தியை இப்படிக் கணக்கிடலாம்: காற்றழுத்தத்தைப் பாஸ்கலில் எடுத்து, 287 × கெல்வின் வெப்பநிலையால் வகுங்கள் (287 காற்றுக்கான மாறிலி; செல்சியஸோடு 273 கூட்டினால் கெல்வின்). டர்பனில் 101300 ÷ (287 × 298) = 1.18. ஜோகன்னஸ்பர்க்கில் அழுத்தம் 83000 வாக்கில், 83000 ÷ (287 × 293) = 0.99. அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைகிறது. வேகத்தின் வர்க்கம் 1.2 மடங்காகும், வேகம் 9 அல்லது 10 சதவீதம் கூடும். 1.37 என்பது 1.50 ஆவதுதான் நியாயம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வானிலைச் செயலியைத் திறந்தால் ஜோகன்னஸ்பர்க்குக்கும் 1020 ஹெக்டோபாஸ்கல், அதாவது 102000 பாஸ்கல், என்று காட்டும். அது கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லும் அழுத்தம், இடத்துக்கு இடம் ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று அப்படிப் போடுவார்கள். அதை அப்படியே போட்டால் டர்பனும் ஜோகன்னஸ்பர்க்கும் ஒன்று என்று விடை வரும். போனிலேயே காற்றழுத்தமானி இருந்தால் அது காட்டும் எண்ணை எடுங்கள், அது நிற்கும் இடத்தின் உண்மை அழுத்தம்.

குணகம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றாக வர வேண்டும். ஒன்றாக வந்தால் உங்கள் அளவையை நம்பலாம். அவர்கள் எடையையும் அங்கேயே மறுபடி போட வேண்டும். மேட்டுநிலத்துக் குளிர்காலக் காற்று வறண்டது, டர்பனில் குடித்த ஈரத்தைக் காகிதம் அங்கே கக்கிவிடும்.

கிண்ணங்களை அனுப்பும்போது பிளாஸ்டிக் பையில் திணிக்காதீர்கள். நசுங்கினால் மடிப்பு குலைந்து விட்டம் மாறிவிடும். எங்கள் வீட்டில் பழைய பலகார டப்பா ஒன்று இதற்கென்றே இருக்கிறது, கட்டை நேராக நிறுத்தி மூடினால் ஆடாமல் போய்ச் சேரும்.